முப்பத்தெட்டும் ஆண்

ஆகஸ்ட் மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில், மூன்று மாதக் குஞ்சுகளை வலையால் அள்ளி வெள்ளை டப்பாவில் விட்டு, பக்கத்தில் முக்காலியைப் போட்டு உட்கார்ந்தேன். வால் துடுப்பின் நுனி ஈட்டி போலக் கூர்ந்து வரத் தொடங்கியிருந்தால் ஆண். உருண்டையாக நின்றிருந்தால் பெண். ஒவ்வொன்றாகப் பார்த்து ஆண்களை இடது பக்கத் தொட்டிக்கு மாற்றிக்கொண்டே வந்தேன். பெண்களுக்கென்று தயாராக வைத்திருந்த வலது பக்கத் தொட்டி கடைசிவரை காலியாகவே கிடந்தது. முப்பத்தெட்டுக் குஞ்சு. முப்பத்தெட்டும் ஆண்.

அம்மா கதவோரம் நின்று பார்த்துவிட்டுச் சொன்னார்: "எல்லாம் ஆம்பளப் புள்ளையா? அந்தக் காலமா இருந்தா இதுக்குப் பாயசம் வெச்சிருப்பாங்கடா."

எனக்கு அழுகை வந்தது. இந்த இனத்தில் ஓர் ஆண், இரண்டு மூன்று பெண்களின் இடங்களைத் தன் எல்லைக்குள் வைத்துக்கொண்டு காவல் சுற்றும். இரண்டு ஆண்கள் எதிரெதிரே வந்தால் துடுப்பு கிழியும். முப்பத்தெட்டு ஆண் இருந்தும் ஒரு பெண்கூட இல்லாத வம்சம் அங்கேயே முடிந்துவிடும். ஏன் இப்படி ஆனது என்று தேடிப் போனபோதுதான், அந்த மீனைப் பற்றி எனக்கு ஒன்றுமே தெரிந்திருக்கவில்லை என்று தெரிந்தது.

மீனின் பெயர் அபிஸ்டோகிராமா அகாசிசி. வளர்ப்பவர்கள் வாயில் 'அபிஸ்டோ'. சிக்லிட் குடும்பத்தின் குள்ளர்கள். நம் ஏரிகளில் வலை போட்டால் முதலில் விழும் ஜிலேபி மீனும் சிக்லிட்தான், கேரளத்துக் கரிமீனும் சிக்லிட்தான். ஆனால் ஜிலேபி ஒரு கிலோவைத் தாண்டும். அகாசிசியின் ஆண் 8 செ.மீ., பெண் 5 செ.மீ. இருந்தால் அதிகம். தென் அமெரிக்காவில் இந்தப் பேரினத்தில் மட்டும் பெயர் சூட்டப்பட்ட இனங்கள் தொண்ணூறுக்கு மேல்.

பெயருக்குப் பின்னால் ஒரு வேடிக்கை இருக்கிறது. 1865இல் ஹார்வர்டு பேராசிரியர் லூயி அகாசி ஒரு படையைத் திரட்டிக்கொண்டு அமேசானுக்குப் போனார். டார்வினின் புத்தகம் வந்து ஆறு வருடம். அகாசிக்குப் பரிணாமக் கொள்கை ஆகவே ஆகாது. ஒவ்வோர் இனமும் அந்தந்த இடத்துக்கென்றே தனித்தனியாகப் படைக்கப்பட்டது என்பதற்கு அமேசான் மீன்கள் சாட்சி சொல்லும் என்று நம்பிப் போனார். அந்தப் பயணத்தில் சேர்ந்த மீன்களில் ஒன்றை வியன்னாவின் ஷ்டைன்டாக்னர் 1875இல் விவரித்து, அகாசியின் பெயரையே வைத்தார். இன்றைக்கு அந்த மீனின் உறவினர்கள்தான் ஓர் இனம் எப்படி இரண்டாகப் பிரிகிறது என்பதற்குப் பாடம் எடுக்கிறார்கள். கிழக்கு அமேசானின் அபிஸ்டோகிராமா கேட்டை என்ற இனத்தை ஜோனதன் ரெடியும் கூட்டாளிகளும் ஆராய்ந்து 2006இல் எழுதினார்கள்: வெவ்வேறு ஆற்றுப் பகுதிகளின் மீன்களுக்கு நிறம் கொஞ்சம் மாறும், பெண்ணுக்கு முன்னால் இரு நிற ஆண்களையும் விட்டால், தன் ஊர் நிறத்தைத்தான் தேர்ந்தெடுக்கிறது. மனிதர் ஒரே பெயரில் அடைத்து வைத்ததை மீன் ஒப்புக்கொள்ளவில்லை.

அதனால்தான் ஆற்றில் பிடித்த மீனுக்கு ஊர்ப்பெயர் முக்கியம். நான் வாங்கியபோது பையின் மேல் 'நனாய்' என்று ஒட்டியிருந்தது. பெரு நாட்டில் இக்கிட்டோஸ் நகரத்தை ஒட்டி ஓடும் கருநீர் ஆறு அது. "வைல்டு ஜோடி சார், இனிமே கெடைக்காது," என்றார் கடைக்காரர். இனிமேல் கிடைக்காது என்பது எல்லா மீன் கடைகளிலும் சொல்வதுதான். வைல்டு என்பது உண்மையாக இருந்தது. அதோடு கூட வந்தது ஒன்று, இரண்டு வாரம் கழித்துப் பெண்ணின் மலத்துவாரத்தில் சிவப்பு நூலாகத் தொங்கியது. கமல்லானஸ் புழு. ஆடு மாடுகளுக்குக் குடற்புழு நீக்கக் கொடுக்கும் லெவாமிசோல்தான் இதற்கும் மருந்து. அது புழுவைக் கொல்வதைவிட முடக்கிப் போடும். பிடி தளர்ந்து வெளியே விழுவதை அன்றே குழாய் வைத்து உறிஞ்சி எடுத்தாக வேண்டும். மூன்று வாரம் கழித்து மறுபடி ஒரு சுற்று. ஒரு மாதமாவது தனித்தொட்டியில் வைக்காமல் ஆற்று மீனை மற்ற மீன்களோடு விடுபவர் துணிச்சல்காரர் இல்லை, அவசரக்காரர்.

இந்த மீன் வாழும் தண்ணீரைச் சொல்லாமல் மேலே போக முடியாது. அமேசானின் ஆறுகளை ஜெர்மானிய நீரியலாளர் ஹரால்ட் சியோலி நிறத்தை வைத்தே மூன்றாகப் பிரித்தார்: வெண்ணீர், தெளிநீர், கருநீர். ஆண்டீஸ் மலையின் மண்ணைக் கரைத்துக்கொண்டு பால் விட்ட டீ நிறத்தில் வருவது வெண்ணீர். பழம்பாறைகளின் மேல் கிடக்கும், பல கோடி ஆண்டு மழையில் உப்பெல்லாம் கழுவப்பட்டுப்போன மணற்காட்டில் ஊறி வருவது கருநீர். மண்ணில் கரைய ஏதும் மிச்சமில்லை. கரைவது இலை மட்டும். காடு முழுக்கக் கொட்டும் சருகின் சாறு வடிகட்டப்படாமல் ஓடைக்குள் இறங்குகிறது. கையில் அள்ளினால் பால் சேர்க்காத டீ. கருநீர் ஆறுகளில் பெரியதான ரியோ நீக்ரோவின் பி.எச். 4க்கும் 5க்கும் இடையில் நிற்கும். தக்காளிச் சாறு இருக்கும் இடம் அது. உப்பின் அளவோ ஏறக்குறைய மழைத் தண்ணீர்தான்.

இப்படிப்பட்ட தண்ணீரில் மீன் பிழைத்திருப்பதே அதிசயம். அமிலநீரில் சாதாரண மீனின் செவுள் ஒழுகும்; உடம்பின் சோடியம் வெளியே கசிந்துவிடும். கருநீர் மீன்களின் செவுள் அந்தக் கசிவை இறுக்கிப் பிடிக்கப் பழகியது. தண்ணீரைக் கறுப்பாக்கும் அதே இலைச்சாறும் செவுளைக் காப்பதில் கை கொடுக்கிறது என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. விஷம்போலத் தெரிவதே மருந்தாகவும் இருக்கிறது.

தின்பதற்கு? பாசி வளர வெளிச்சமும் இல்லை, உப்பும் இல்லை. மனாஸில் இருக்கும் தேசிய அமேசான் ஆய்வு நிறுவனத்தின் இல்சே வாக்கர், ஓடைகளில் படுகை படுகையாகக் குவியும் சருகை வருடக்கணக்கில் கிளறிப் பார்த்தவர். இலையைப் பூஞ்சை தின்கிறது. பூஞ்சையோடு இலையைக் கொசு இனத்துச் சின்னப் புழுக்கள் தின்கின்றன. அவற்றை விரல் நீளம்கூட இல்லாத மீன்கள் தின்கின்றன. அபிஸ்டோவின் வீடு இந்தச் சருகுதான். முட்டையிடும் அறை, ஒளியும் இடம், சாப்பாட்டுத் தட்டு எல்லாம் அதுவே. ஒரு சுருண்ட இலைக்கும் அடுத்த சுருண்ட இலைக்கும் இடையில் ஒரு பெண்ணின் ராஜ்யம் முடிந்து இன்னொன்று தொடங்கும்.

இந்த விவரம் தெரிந்தபோது எங்கள் தெரு நினைவுக்கு வந்தது. உலகம் முழுக்க அபிஸ்டோ வளர்ப்பவர்கள் காசு கொடுத்து வாங்கும் சருகு நம் ஊர் வாதாம் மரத்துச் சருகு. நாட்டு வாதுமை என்று புத்தகம் சொல்லும். பிள்ளைகள் கல்லால் அடித்துக் கொட்டை உடைத்துத் தின்னும் அதே மரம். தென்கிழக்கு ஆசியாவில் சண்டை மீன் வளர்ப்பவர்கள் காலங்காலமாய்ப் பயன்படுத்தியது, அங்கிருந்து ஐரோப்பியத் தொட்டிகளுக்குப் போனது. தானாகச் சிவந்து உதிர்ந்ததாக இருக்க வேண்டும், பச்சையாகப் பறித்தது ஆகாது, புகையும் தூசும் படிந்த பெரிய சாலையோர மரமும் ஆகாது. நான் பையோடு குனிந்து பொறுக்குவதைப் பார்த்து அம்மா, "வாசல்ல பெருக்கித் தள்ளுறத வீட்டுக்குள்ள கொண்டு வரியே," என்று நொந்துகொண்டார்.

சருகைப் போட்டேன், தண்ணீர் டீ நிறமானது, பி.எச். மட்டும் அசையவில்லை. 7.8 என்றே நின்றது. புதியவர்கள் எல்லோரும் தடுக்கி விழும் இடம் இது. எங்கள் வீட்டு போர் தண்ணீரில் டி.டி.எஸ். மீட்டரை விட்டால் 900 காட்டும். அதில் பெரும்பங்கு கால்சியமும் பைகார்பனேட்டும். எலுமிச்சம்பழத்தைச் சோடா உப்பில் பிழிந்தால் நுரைத்துப் பொங்கிப் புளிப்பு அடங்கிவிடும் அல்லவா, அதேதான் தொட்டிக்குள்ளும் நடக்கிறது. சருகு கசியவிடும் மெல்லிய அமிலத்தை பைகார்பனேட் விழுங்கிக்கொண்டே இருக்கும். நிறம் ஆற்றுடையது, தண்ணீர் நம் தெருவுடையது. மரச்சாயம் ஊற்றிக் கறுப்பாக்கிவிட்டுக் கருநீர் என்று படம் போடுபவர்கள் இதைக் கவனிப்பதில்லை.

வழி, ஆர்.ஓ. தண்ணீர். சென்னையில் குடிப்பதற்கென்று பல வீடுகளில் அந்தப் பெட்டி தொங்குகிறது. சுவைக்காக உப்பைத் திரும்பக் கலக்கும் திருகை மட்டும் மூடிவிட வேண்டும். முதலில் நான் கஞ்சத்தனமாகப் பாதிக்குப் பாதி கலந்தேன். இரண்டு முறை முட்டையிட்டது. இரண்டு முறையும் இரண்டாம் நாள் முட்டைகள் சுண்ணாம்பாய் வெளுத்தன. இட்ட முட்டை தண்ணீரை உறிஞ்சி உப்ப வேண்டும். கால்சியம் மிகுந்த தண்ணீரில் அதன் உறை இறுகிவிடுகிறது. போதாததற்கு, அமிலநீரில் அடங்கிக் கிடக்கும் பாக்டீரியாவும் பூஞ்சையும் நம் தண்ணீரில் கொண்டாட்டமாய்ப் பெருகும். கடின நீரிலேயே தலைமுறைகளாகப் பெருக்கிய பண்ணை மீன்களுக்கு இது பொருட்டில்லை. ஆற்றிலிருந்து நேராக வந்ததற்கு மன்னிப்பு கிடையாது. முழுக்க ஆர்.ஓ.வுக்கு மாறி மீட்டரை 40க்கு இறக்கியதும், அதே சருகு ஒரு வாரத்தில் பி.எச்.சை 5.6க்குக் கொண்டுவந்தது.

அங்கே ஒரு கண்ணி உண்டு, அதைச் சொல்லிவிட வேண்டும். மீனின் கழிவு அமோனியா. அமிலநீரில் அது அமோனியம் என்ற தீங்கு குறைந்த உருவத்தில் இருக்கும், பி.எச். 6இல் நச்சான அமோனியாவின் பங்கு ஆயிரத்தில் ஒன்றுக்கும் கீழே. ஆனால் அதே அமிலத்தில், கழிவைத் தின்று சுத்தம் செய்யும் ஃபில்டர் பாக்டீரியாவும் சோம்பிவிடும். ஆகவே அமோனியம் சத்தமில்லாமல் சேரும். மீன் நன்றாகத்தான் இருக்கும். ஒருநாள் ஆர்.ஓ. தீர்ந்துபோய், "ஒரு பக்கெட்தானே" என்று போர் தண்ணீரை ஊற்றினால் பி.எச். 8ஐ நோக்கி ஏறும். சேர்ந்திருந்ததில் நூற்றுக்கு ஐந்தாறு பங்கு நிமிடங்களில் விஷமாக மாறும். இரவு உயிரோடு இருந்த தொட்டி காலையில் மிதக்கும். நான் ஒருமுறை பார்த்துவிட்டேன், விவரிக்க விருப்பமில்லை.

சாப்பாட்டிலும் ஆற்று மீன் பிடிவாதம்தான். குருணைத் தீனியை வாயில் வாங்கித் துப்பும். அசைவது மட்டும்தான் அதற்கு உணவு. டாஃப்னியா என்ற நீர்த்தெள்ளு, கொசுப்புழு, அப்போது பொரித்த ஆர்ட்டீமியா. கொசுப்புழுவை மொட்டைமாடியில் வளர்ப்பது மாநகராட்சிக்குத் தெரியாமல் செய்ய வேண்டிய காரியம், ஆகவே நான் வளர்த்ததாக இங்கே சொல்லவில்லை. ஆர்ட்டீமியா என்பது உப்பளத்தில் வாழும் சின்ன இறால் இனம். தூத்துக்குடி உப்பளங்களிலும் உண்டு. அதன் காய்ந்த முட்டையை உப்புத் தண்ணீரில் போட்டுக் காற்றுக்குழாய் விட்டால் ஒரு நாளில் ஆரஞ்சுப் புள்ளிகளாகப் பொரிந்துவிடும். அரை மில்லிமீட்டர்கூட வராத அந்தப் புள்ளிதான் அபிஸ்டோ குஞ்சின் முதல் வாய்க்குச் சரியான கவளம்.

மே மாதத் தொடக்கத்தில் மூன்றாம் முறை. கொட்டாங்குச்சியைக் கவிழ்த்து, விளிம்பில் விரல் நுழையும் அளவுக்கு ஓட்டை போட்டு வைத்திருந்தேன். வாசல் சின்னதாக இருக்க வேண்டும். ஆண் நுழைய முடியாவிட்டால் பெண்ணுக்கு நிம்மதி. ஒருநாள் காலையில் சாம்பல் நிறப் பெண்ணைக் காணோம். அதன் இடத்தில் மஞ்சள் பூசிக் குளித்துக் கறுப்புப் பட்டை இட்டதுபோல வேறொரு மீன் நின்றது. அதே பெண்தான். முட்டையிட்ட அபிஸ்டோ தாயின் சீருடை அது. சிரட்டையின் கூரையில் நூறு சொச்சம் சிவப்பு முட்டைகள் தலைகீழாகத் தொங்கின. தன்னைவிட மிகப் பெரிய ஆணைத் தொட்டியின் மறுமூலைக்கு விரட்டிவிட்டது. சின்னத் தொட்டியாக இருந்தால் இந்தக் கட்டத்தில் ஆணை எடுத்துவிட வேண்டும். ஆற்றில் ஓட இடமிருக்கிறது, இரண்டடித் தொட்டியில் இல்லை.

மூன்றாம் நாள் பொரிந்தது. மேலும் ஐந்து நாள் துடிக்கும் வாலோடு கருவுணவைத் தின்றபடி கிடந்தன. தாய் அவற்றை வாயில் கவ்விக் குழி மாற்றிக்கொண்டே இருந்தது. பிறகு ஒரு மாலையில், புகைபோலக் குஞ்சுக் கூட்டம் தாயின் வயிற்றுக்குக் கீழே வெளியே வந்தது. தாய் அடிவயிற்றுத் துடுப்பை வெடுக்கென்று ஒருமுறை உதறினால் அத்தனையும் தரையில் விழுந்து சருகோடு சருகாக உறைந்துவிடும். மெல்ல அசைந்து நீந்தினால் பின்தொடரும். என் நிழல் பட்டாலே அந்த உதறல். சோற்றை மறந்து பார்த்துக்கொண்டிருந்த நாட்கள் அவை. அறையில் வெயில் கொதித்ததையும், தொட்டியின் வெப்பமானி 30ஐத் தொட்டதையும் பார்த்தேன். அமேசான் வெப்பநாடு, நம்முடையதும் வெப்பநாடு, பொருத்தம்தான் என்று நினைத்துக்கொண்டேன்.

தவறு அங்கேதான். 1996இல் உவே ரோமரும் வோல்ஃப்காங் பைசன்ஹெர்ட்ஸும் முப்பதுக்கும் மேற்பட்ட அபிஸ்டோ இனங்களின் குஞ்சுகளை வெவ்வேறு வெப்பத்தில் வளர்த்துப் பார்த்த முடிவுகளை வெளியிட்டார்கள். பெரும்பாலான இனங்களில் வெப்பம் ஏற ஏற ஆண் கூடுகிறது: 23 டிகிரியில் பெண் மிகுதி, 29இல் ஆண் மிகுதி. பிறக்கும்போதே முடிவாகிவிடுகிற காரியமில்லை அது. குஞ்சின் முதல் சில வாரங்களில் தண்ணீர் தீர்மானிக்கிறது. அந்த வாரங்கள் என் வீட்டில் அக்கினி நட்சத்திரத்தில் விழுந்தன.

எப்படி நடக்கிறது என்பதற்கு ஜிலேபி மீனிடம் விடை இருக்கிறது. ஆண் ஹார்மோனைப் பெண் ஹார்மோனாக மாற்றும் அரோமடேஸ் என்ற நொதி குஞ்சின் பாலுறுப்பில் வேலை செய்தால் அது சூலகமாகும், செய்யாவிட்டால் விந்தகமாகும். கடும் வெப்பத்தில் வளரும் ஜிலேபிக் குஞ்சில் அந்த நொதி ஒடுங்கிவிடுகிறது. பண்ணைக்காரர்களுக்கு அது லாபம்: ஆண் ஜிலேபி வேகமாக வளரும், குளத்தில் கண்டபடி பெருகாது. அதற்காகவே குஞ்சுத் தீவனத்தில் ஹார்மோன் கலப்பவர்கள் உண்டு. அவர்கள் செலவழித்து வாங்குவது எனக்கு மே மாதத்து வெயிலில் இலவசமாகக் கிடைத்தது. இன்னொரு வேடிக்கை, அதே சென்னையில் பெசன்ட் நகர்க் கடற்கரை மணலில் பங்குனி ஆமை முட்டைகள் புதைந்திருக்கும். அங்கே மணல் அதிகம் சூடேறினால் பெரும்பாலும் பெண் பிறக்கும். ஒரே ஊர், ஒரே வெயில். ஆமைக்குப் பெண், என் மீனுக்கு ஆண்.

ஆற்றில் ஏன் எல்லாம் ஆணாகிவிடவில்லை? காட்டோடையின் மேல் மரங்கள் கவிந்திருக்கின்றன. நண்பகலிலும் அந்தத் தண்ணீர் பெரும்பாலும் 25, 26ஐச் சுற்றியே நிற்கும். நிழல்தான் அங்கே பெண் குஞ்சுகளைத் தருகிறது. 2023 வறட்சியில் மனாஸ் துறைமுகத்தில் ஆறு 13 மீட்டருக்கும் கீழே இறங்கியது. டெஃபே ஏரியின் தண்ணீர் 39 டிகிரியைத் தாண்டி, நூற்றுக்கு மேற்பட்ட ஆற்று டால்பின்கள் செத்தன. அகாசிசியின் புகழ்பெற்ற ஊர்களில் டெஃபேயும் ஒன்று.

ஆற்றில் பிடிப்பதே பாவம் இல்லையா என்று கேட்பவர்கள் உண்டு. நானும் முதலில் அப்படித்தான் நினைத்தேன். ரியோ நீக்ரோவின் பார்செலோஸ் ஊரில் சின்ன மீன் பிடிப்பதே பிழைப்பாகக் கொண்ட 'பியாபெய்ரோ'க்கள் இருக்கிறார்கள். கைவலையால் பிடிப்பது பெரும்பாலும் கார்டினல் டெட்ரா, கூடவே அபிஸ்டோவும். வெள்ளம் வடியும்போது தேங்கும் குட்டைகளில் இந்த மீன்கள் எப்படியும் கூட்டம் கூட்டமாகச் சாகும். மீன் விற்கும்வரை அந்தக் குடும்பங்களுக்குக் காடு காடாகவே இருப்பதுதான் லாபம். லாபிஷ் சாவ் என்ற மீனியலாளர் 1989இல் தொடங்கிய பியாபா திட்டத்தின் வாதமும் இதுதான். ஆசியப் பண்ணைகளில் அதே மீன் மலிவாகப் பெருகியபோது அடி வாங்கியவர்கள் பியாபெய்ரோக்கள். ஆகவே ஆற்று மீன் வாங்கியதற்கு இப்போது வெட்கப்படுவதில்லை. வாங்கியதைச் சாகவிட்டால் வெட்கப்படுவேன்.

டிசம்பர் வரை காத்திருந்தேன். மார்கழி நெருங்கியதும் அறை குளிர்ந்தது. போதாத நாட்களில் சின்ன மேசை விசிறியைத் தண்ணீர்ப் பரப்பின் மேல் சாய்த்து வைத்தேன். ஆவியாகும் தண்ணீர் இரண்டு டிகிரியைத் தூக்கிக்கொண்டு போகும். குறைந்ததை ஆர்.ஓ. தண்ணீரால் மட்டுமே நிரப்பினேன். ஆவியாவது தண்ணீர்தான், உப்பு அங்கேயே நிற்கும். வெப்பமானி 25இல் நின்றது. மார்ச்சில் மறுபடி முக்காலி, வெள்ளை டப்பா. 44இல் 26 பெண். மூன்று நண்பர்களுக்குப் பிரித்துக் கொடுத்தபோது ஒவ்வொரு பையிலும் 'நனாய், எஃப்1' என்று, அதாவது ஆற்று மீனின் முதல் தலைமுறை என்று எழுதி ஒட்டினேன். வேறு ஆற்று அகாசிசியோடு சேர்த்துவிடாதீர்கள் என்று வாயாலும் சொன்னேன்.

தாயிடமிருந்து குஞ்சுகளைப் பிரித்த அன்று இரவு அது மஞ்சள் நிறம் மாறாமல் சிரட்டை வாசலிலேயே நின்றது. காலையில் சாப்பிடட்டும் என்று ஒரு கரண்டி டாஃப்னியாவை விட்டேன். தின்னவில்லை. கூட்டமாய்த் துள்ளும் அந்தப் புள்ளிகளுக்குக் கீழே போய் நின்றுகொண்டு, நான் கண்ணாடி அருகே குனிந்ததும் துடுப்பை வெடுக்கென்று உதறியது. அபிஸ்டோ வளர்த்த பலர் எழுதியிருக்கும் காட்சிதான். டாஃப்னியாக்கள் ஒன்றும் தரையில் விழவில்லை, துள்ளிக்கொண்டே இருந்தன. அது மறுபடி உதறியது.